செத்தவர் கணக்கு எழுதிய வாத்தியார்கள்

கொலைக்கணக்கு எழுதுகிறவரை எந்த அதிகாரத்துக்கும் பிடிக்காது. அரசாங்கத்துக்குப் பிடிக்காது என்பது ஊரறிந்த விசயம். விடுதலை பேசுகிற இயக்கங்களுக்கும் அவர் ஒரு கட்டத்தில் தொல்லையாகிப் போகிறார் என்பதைத்தான் நாம் வெளியே பேசுவதில்லை. எதிரி சுட்டதை எழுதிக்கொண்டிருக்கும் வரை அவர் தோழர். நம்ம பையன் சுட்டதையும் எழுதிவிட்டால் மறுநாளே "இவரு யாரோட ஆளு?" என்று கிளம்பிவிடும். இந்தக் கேள்வியின் நடுவிலேயே உட்கார்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டிருந்த ஒரு சிறு குழுவைப் பற்றி இந்த இதழில் பேச நினைக்கிறோம். ஈழத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் கொட்டப்பட்ட பேச்சுக்கு அளவில்லை. இவர்களைப் பற்றிப் பேசியது ரொம்பக் குறைவு.

மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்பது அமைப்பின் பெயர். 1988-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உருவானது. ராஜன் ஹூல், கோபாலசிங்கம் ஸ்ரீதரன் இருவரும் கணிதம் நடத்தியவர்கள். தயா சோமசுந்தரம் மனநல மருத்துவர். ராஜினி திராணகம மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். இந்த நாலு பேரும் சேர்ந்து எழுதிய புத்தகம்தான் தமிழில் 'முறிந்த பனை' என்று வந்தது. கையில் துப்பாக்கி கிடையாது, முதுகுக்குப் பின்னால் கட்சியும் கிடையாது. பாடம் நடத்துகிற வாத்தியார்கள், ஊருக்குள் போய் என்ன நடந்தது என்று கேட்டு எழுதத் தொடங்கினார்கள். அவ்வளவுதான் ஆரம்பம்.

அவர்கள் எழுத உட்கார்ந்தபோது யாழ்ப்பாணத்தில் நின்றது இந்திய இராணுவம். அமைதிப்படை என்று பெயர் வைத்து 1987-இல் டெல்லி அனுப்பிய படை. அதற்கான செலவில் நம் வரிப்பணமும் இருந்தது என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டார்கள். நோயாளிகள், மருத்துவர்கள், தாதிகள், ஊழியர்கள் என்று 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பிணங்களுக்கு நடுவே பிணம் போலவே கிடந்து உயிர் பிழைத்தவர்கள் உண்டு. மறுநாள் காலை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, நாங்கள் மருத்துவர்கள், தாதிகள் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்த மருத்துவரையும் சுட்டுப் போட்டார்கள். தப்பித்தவர்களின் வாயிலிருந்து கேட்டு, மணி வாரியாக, எந்த வார்டில் எது நடந்தது என்று இந்த வாத்தியார்கள் எழுதி வைத்தார்கள். அதே பக்கங்களில் இன்னொன்றையும் எழுதினார்கள். மருத்துவமனைக்குள் புலிகள் வந்ததும், தயவுசெய்து வெளியே போய்விடுங்கள் என்று மருத்துவர்கள் அவர்களிடம் கேட்டதும் அங்கே பதிவாகியிருக்கிறது. இரண்டாவதை எழுதியதால் முதலாவதன் கொடுமை ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து எழுதியதுதான் அவர்கள் தலைமேல் விழுந்தது.

ராஜினியைப் பற்றித் தனியாகச் சொல்லணும். அவர் வெளியே நின்று வேடிக்கை பார்த்த ஆள் இல்லை. தொடக்கத்தில் புலிகளோடு நின்றவர். காயம்பட்டு வந்த பெடியன்களுக்கு மருத்துவம் பார்த்தவர். அவருடைய அக்கா நிர்மலா 1982-இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சிறைக்குப் போனவர். சிங்கள இடதுசாரி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயானவர். 1983-இல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனவர், இயக்கத்தோடு முரண்பட்டு விலகி, அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம். 1986-இல் ஊருக்குத் திரும்பினார். இந்தியப் படையின் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசினார். குடும்ப மானம், சாதி மானம் என்று வாயைக் கட்டிப் போட்டிருக்கிற ஒரு சமூகத்தில் அந்தப் பெண்கள் பேசினார்கள் என்றால், கேட்டவர் யார் என்பதும் அதில் இருக்கிறது. அவர்களுக்கான 'பூரணி' என்ற பெண்கள் இல்லம் உருவானதிலும் அவர் பங்கு உண்டு. தன்னை ஒருநாள் மௌனமாக்கப் போகும் துப்பாக்கி அந்நியன் கையில் இருக்காது, இதே சமூகத்தில் பிறந்தவன் கையில்தான் இருக்கும் என்ற பொருள்பட ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். 1989 செப்டம்பர் 21. வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவரை வழியில் சுட்டார்கள். வயது 35. சுட்டவர்கள் புலிகள் என்றுதான் அவருடைய சக ஆசிரியர்கள் எழுதினார்கள். இன்று வரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

ராஜினியின் சாவோடு பல்கலைக்கழகத்துக்குள் அமைப்பின் வெளிப்படையான செயல்பாடு நின்றுபோனது. ஹூலும் ஸ்ரீதரனும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, மறைவாக இருந்துகொண்டு அறிக்கைகள் எழுதினார்கள். பூரணியில் வேலை பார்த்த கவிஞர் செல்வி, யாழ் பல்கலைக்கழக மாணவி, 1991 ஆகஸ்டில் புலிகளால் பிடித்துக்கொண்டு போகப்பட்டார். மறு ஆண்டு வெளிநாட்டு எழுத்தாளர் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. வாங்க ஆள் இல்லை. அவர் திரும்பி வரவே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் தகவல் வந்துகொண்டே இருந்தது என்பதுதான் நமக்கு ஆச்சரியம். எங்கிருந்து வந்தது? ஊருக்குள்ளிருந்து. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், மீன்பிடிக்கப் போனவர், பள்ளிக்கூட வாத்தியார், கோயில் குருக்கள், பாதிரியார், பஸ்ஸில் வந்துபோகிற வியாபாரி. அவர்கள் பெயர் ஒரு அறிக்கையிலும் இருக்காது. இடம் இருக்கும், தேதி இருக்கும், எந்தப் படை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இருக்கும். சொன்னவர் யார் என்று மட்டும் இருக்காது. ஹூலுக்கும் ஸ்ரீதரனுக்கும் 2007-இல் மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது, அவர்கள் பெயர் உலகத்துக்குத் தெரியும். ஆனால் ஆவணத்தைத் தூக்கிச் சுமந்தவர்கள் பெயரில்லாத அந்தச் சனங்கதான். வாத்தியார்களின் வேலை பாதி கேட்பது, மீதிப் பாதி கேட்டது யாரிடம் என்பதை மறைப்பது. நம் தோழர்கள் உண்மை அறியும் குழு என்று கிளம்பிப் போய், அன்று சாயங்காலமே சாட்சி சொன்ன பெண்ணின் பெயரையும் படத்தையும் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவதைப் பார்க்கிறோம். இரவு அந்தத் தெருவில் இருக்கப்போவது யாரு, நாமா அவளா?

என்னென்ன எழுதினார்கள் என்று முழுப் பட்டியல் இங்கே போட முடியாது. 1986-இல் டெலோ இயக்கத்துப் பெடியன்களைப் புலிகள் நடுரோட்டில் கொன்றதிலிருந்து தொடங்குகிறது. 1990 ஆகஸ்ட் 3-ஆம் தேதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் 100 பேருக்கு மேல் சுடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கெடு கொடுத்து, வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75 ஆயிரம் பேரைத் துரத்தியது. அரசின் பக்கம் வந்தால் 1995 ஜூலையில் நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள்மேல் விமானப்படை போட்ட குண்டு. கட்டாய ஆள்சேர்ப்பைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார்கள். யார் வீட்டுப் பிள்ளையைப் பிடித்தார்கள் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. காசு உள்ளவன் பிள்ளை கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விட்டது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைதான் சீருடை போட்டது. இதை நாம் கேட்கவே இல்லை. எந்தப் போராட்டத்திலும் முன்வரிசையில் சாகிறது யாரு என்று கேட்கப் பழகிய நாமே ஈழம் என்றதும் அந்தக் கேள்வியை மடித்து வைத்துவிட்டோம்.

"சரி தோழர், இதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனா எதிரிக்குத் தீனி போடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. லேசான கேள்வி இல்லை இது. புலிகளைப் பற்றிய பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு, இராணுவத்தைப் பற்றிய பக்கங்களைக் கண்டும் காணாமல் விட்டவர்கள் கொழும்பிலும் இருந்தார்கள், இங்கேயும் இருந்தார்கள். அந்த ஆபத்தை வாத்தியார்களும் அறிந்தே இருந்தார்கள்.

ஆனால் மூதூரைப் பாருங்கள். 2006 ஆகஸ்ட் 4-இல் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த 17 பேரை அலுவலக வளாகத்தில் வைத்தே சுட்டுக் கொன்றார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அரசு மூடி மறைத்தது, பழியைத் திசை திருப்பியது. 2008-இல் இந்தக் குழு வெளியிட்ட அறிக்கை, சுட்டவர்கள் என்று ஊர்காவல் படைக்காரர் ஒருவரையும் போலீஸ்காரர்களையும் பெயர் சொல்லிக் குறித்தது. அதற்கு முன் அதே ஆண்டு ஜனவரி 2-இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதையும் அப்படியே விசாரித்து எழுதியிருந்தார்கள். இதை எழுதியவர்களை 'புலிகளின் பிரச்சாரம்' என்று கொழும்பால் தள்ளிவிட முடியவில்லை. புலிகளைப் பற்றி அத்தனை ஆண்டுகள் எழுதியதே அந்த எழுத்துக்கு எடையைக் கொடுத்தது. நீதிமன்றம் என்ன செய்தது என்பது வேறு கதை. திருகோணமலை வழக்கில் கைதான அதிரடிப் படையினர் 13 பேரும் 2019-இல் விடுதலையானார்கள். மூதூருக்காக ஒருத்தரும் தண்டனை அடையவில்லை.

2009-இலும் அப்படித்தான் எழுதினார்கள். பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடத்தில் அரசே குண்டு போட்டதையும், தப்பி ஓடிய சனங்களைப் புலிகள் சுட்டதையும், பங்கருக்குள் ஒளித்து வைத்த பிள்ளைகளைப் புலிகள் இழுத்துக்கொண்டு போனதையும், உயிரோடு வெளியே வந்தவர்களிடம் கேட்டு ஒரே அறிக்கையில் வைத்தார்கள். முள்ளிவாய்க்காலைப் பற்றி நம் மேடைகளில் முதல் பாதியை மட்டும்தான் கேட்டோம். இரண்டாவது பாதியைச் சொன்னால் முதல் பாதி அழிந்துவிடும் என்ற பயம். அங்கே இருந்து வந்த தாய்க்கு அந்தப் பயம் இல்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் பிள்ளை போயிருக்கிறது.

இந்தக் குழுவின் மேல் நமக்கு ஒரு குறை உண்டு. எழுதியதில் பெரும்பகுதி ஆங்கிலம். ஜெனீவாவில் படித்தார்கள், தூதரகங்களில் படித்தார்கள். சொன்ன கிராமத்துக்கு, தான் சொன்னது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படிக்க வழியில்லை. மறைவாக வாழ்ந்துகொண்டு, கையில் ஆளில்லாமல் செய்தவர்களிடம் அதையும் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் தமிழ் படிக்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருந்த இந்தக் கரையில், மறைந்து வாழ வேண்டிய அவசியம் இல்லாத நாம், மொழிபெயர்ப்பையாவது செய்திருக்க முடியும். பெரும்பாலும் செய்யவில்லை.

செம்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 செப்டம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருசாந்தியைச் சோதனைச் சாவடியில் மறித்து, வன்புணர்ந்து கொன்றார்கள். தேடிப் போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்றார்கள். 1998-இல் அந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர், செம்மணியில் இன்னும் 300, 400 பேரைப் புதைத்திருக்கிறோம் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999-இல் தோண்டி 15 எலும்புக்கூடுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். சிப்பாய்களைத் தண்டித்ததோடு சரி, அவர்களுக்கு மேலே இருந்த அதிகாரிகள் என்ன ஆனார்கள் என்று அதே 1999-இல் இந்த வாத்தியார்கள் அறிக்கை எழுதிக் கேட்டார்கள். பதில் வரவில்லை. 2025-இல் அதே பகுதியில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் வேலைக்காகத் தோண்டியபோது மறுபடியும் எலும்புகள் கிடைத்தன. அந்த ஆண்டுக்குள் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையவையும் உண்டு. ஒன்றின் பக்கத்தில் நீல நிறப் பள்ளிக்கூடப் பை.

யார் எந்த நாளில் எந்தச் சாவடியில் காணாமல் போனார்கள் என்று அன்றைக்கு எழுதப்பட்ட ஒவ்வொரு தாளும் இப்போது தேவைப்படுகிறது. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றிய இவர்களுடைய அறிக்கைகளைத் தமிழாக்கம் செய்ய முன்வருகிற மாணவத் தோழர்கள் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து பக்கம் ஒதுக்குகிறோம். புலிகளைப் பற்றிய பகுதியை வெட்டாமல், இராணுவத்தைப் பற்றிய பகுதியையும் வெட்டாமல் அனுப்பணும்.