செயற்கைக்கோள் படமும் அதன்மீது எழுதப்படும் குறிப்பும்

2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல், ஈராக்கின் தாஜி வெடிபொருள் கிடங்குகளைக் காட்டும் செயற்கைக்கோள் படங்களைத் திரையிட்டார். முதல் படத்தில் கிடங்கின் அருகே ஒரு வாகனம் நிற்கிறது. நச்சு கசிந்தால் தூய்மைப்படுத்துவதற்கான வாகனம் அது என்றும், எனவே உள்ளே இருப்பவை வேதி ஆயுதங்களே என்றும் விளக்கம் தரப்பட்டது. சில வாரங்கள் கழித்து எடுத்த படத்தில் அவ்வாகனம் இல்லை. ஆய்வாளர்கள் வருமுன் ஆயுதங்கள் அகற்றப்பட்டுவிட்டன என்று அதற்குப் பொருள் கூறப்பட்டது. இத்தகைய படங்களைப் புரிந்துகொள்வது சாதாரண மனிதர்க்குக் கடினம், தமக்கும் கடினமே என்று பவல் அதே உரையில் ஒப்புக்கொண்டார். விவாதம் அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஏனெனில், ஒரு வண்டி ஒருநாள் இருந்தது, மற்றொருநாள் இல்லை என்பதற்கு மேல் அப்படங்கள் எதையும் கூறவில்லை. வண்டிக்குப் பெயர் சூட்டியவரும், அது அகன்றதற்குக் காரணம் கற்பித்தவரும் பகுப்பாய்வாளர்களே. பெயரை ஏற்றுக்கொண்ட கண்ணுக்குப் பின்னர் பெயரே தெரிகிறது, வண்டி தெரிவதில்லை. பிப்ரவரி 14 அன்று ஐ.நா. ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் அதே அவையில், இரு படங்களுக்கும் இடையே பல வார இடைவெளி உண்டு என்பதையும், அந்நடமாட்டம் வழக்கமான பணியாகவும் இருக்கக்கூடும் என்பதையும் சுட்டிக்காட்டினார். மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. பவல் விவரித்த ஆயுதக் குவியல்கள் பிற்பாடும் கிடைக்கவில்லை.

இன்று தனியார் நிறுவனங்களும் படங்களை விற்பதால் அரசுகளின் ஏகபோகம் முடிந்துவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. உக்ரைனின் புச்சா நகரத் தெருவில் கிடந்த உடல்கள் தம் படைகள் வெளியேறிய பின் அரங்கேற்றப்பட்டவை என்று 2022இல் ரஷ்யா மறுத்தபோது, அந்நகரம் ரஷ்யர் வசம் இருந்த மார்ச் மாதத்திலேயே மாக்சர் நிறுவனம் எடுத்த படங்கள் அம்மறுப்பை உடைத்தன. ஆனால் அங்கே வானத்துப் படம் தனித்து நிற்கவில்லை. தரையில் எடுத்த காணொளியோடு இடத்துக்கு இடம் பொருத்திப் பார்க்க முடிந்தது. தாஜி படங்களுக்கு அந்தத் துணை இல்லை.

விற்பனைக்கு வந்ததாலேயே படம் பொதுவுடைமை ஆகிவிடாது. 1996இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத் திருத்தம், இஸ்ரேல் நிலப்பரப்பின் துல்லியமான படங்களை அந்நாட்டு நிறுவனங்கள் விற்பதைக் கட்டுப்படுத்தியது. 2020இல்தான் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. புச்சாவுக்குச் சான்றளித்த அதே மாக்சரின் படங்களை அமெரிக்க அரசுத் திட்டம் ஒன்றின் வழியே உக்ரைன் பெற்றுவந்தது. 2025 மார்ச்சில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வாஷிங்டன் அவ்வழியைத் தற்காலிகமாக அடைத்தது.