தம்பி பெயரில் வயல் வேண்டாம்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் ஊரில் நிலம் நீச்சு வாங்குவதைப் பற்றி வணிகர் இதழில் எதற்காக எழுத வேண்டும் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. அந்தப் பேரங்களில் பாதி நமது கடைத் திண்ணையில்தான் முடிகின்றன. சித்தையன்கோட்டை, ஆத்தூர், செம்பட்டி சுற்று வட்டாரத்தில் கடல் கடந்து போனவர் எவரானாலும், ஊரில் நம்பிக்கையாக விசாரிக்க ஓர் ஆள் வேண்டும் என்றால் மளிகைக்கடைக்காரரைத்தான் கேட்கிறார். ஒரு காலத்தில் கடிதமும் டிராப்டும் கடை விலாசத்துக்கு வந்தன. பிறகு எஸ்.டி.டி. போன் நம் கடையில் இருந்தது. இன்று அவரவர் சட்டைப் பையில் போன் இருக்கிறது. ஆனாலும் "பாய், அந்த வயலுக்குத் தண்ணி பாயுமா? விலை சரிதானா? நீங்களே அட்வான்ஸ் போட்டுருங்க" என்ற கேள்வி நம்மிடம்தான் வருகிறது. சாட்சிக் கையெழுத்தும் நம்முடையது. சில இடங்களில் பவரும் நம் பெயரில். ஆகவே இந்த விவகாரம் கெட்டால் கெடுவது நமது பெயருந்தான்.

ஊரில் ஒரு பிடி மண் வேண்டும் என்ற ஆசையை நாம் குறை சொல்ல வரவில்லை. அதற்கு நியாயம் உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் கடன் கொடுத்து வாங்கும் தொழில் செய்தவர்கள். 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், நிலமே கைக்கு வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் அவர்களிடம் இருந்த காலம் அது. 1948ல் பர்மா விடுதலை பெற்றதும் நிலத் தேசியமயச் சட்டம் வந்தது. 1964ல் கடைகளும் தேசியமயமாயின. உடுத்திய துணியோடு கப்பலேறி வந்தவர்களில் நம்மைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்கள் எத்தனையோ பேர். காரைக்குடிப் பக்கம் கட்டிய வீடு மட்டும் நகரத்தாருக்கு மிச்சம் நின்றது. அதேபோல் 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தபோது, சுமார் 1,70,000 இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். அப்படி இறங்கியவர்களில் ஊரில் சொந்த வீடோ கடைக் கட்டடமோ வைத்திருந்தவர் மறுமாதமே ஏதோ ஒரு தொழிலைத் தொடங்க முடிந்தது. இல்லாதவர் மறுபடி விசாவுக்கு அலைந்தார். எனவே சொத்து வாங்கட்டும். எதை வாங்குவது, யார் பெயரில் வாங்குவது என்பதில்தான் தகராறு.

வெளிநாட்டில் வேலைக்கோ தொழிலுக்கோ போய்த் தங்கிவிட்ட இந்தியக் குடிமகன், ஊரில் வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம், கடைக் கட்டடம் வாங்கலாம். ரிசர்வ் வங்கியிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் மட்டும் விலைக்கு வாங்க முடியாது. 2000 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், அதன் கீழ் 2019ல் வந்த விதிகளும் சொல்வது இது. பாட்டன் சொத்தாக வந்த வயலை வைத்துக்கொள்ளலாம். பயணம் போவதற்கு முன்பு, இங்கே குடியிருந்த காலத்தில் வாங்கிய வயலையும் வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இங்கே குடியிருப்பவருக்குத்தான் விற்க வேண்டும். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர்கள் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தால் அவர்களுக்கும் இதே வரம்புதான்.

ஆனால் நமது வட்டாரத்தில் மனை வாங்க வருகிறவரின் கண் எங்கே போகிறது? காமராசர் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பாயும் நஞ்சைக்கும், தென்னந்தோப்புக்கும்தான் போகிறது. 40 நாள் லீவில் வந்தவர் வரப்பில் நடந்து பார்க்கிறார். மனசு விட மாட்டேன் என்கிறது. தரகர் உடனே வழி சொல்கிறார்: "தம்பி பேர்ல போட்டுருங்கண்ணே, திரும்பி வந்ததும் மாத்திக்கலாம்." இந்த ஒரு வாக்கியம் குடும்பங்களைப் பிரித்த அளவுக்குப் பங்குப் பிரச்சினைகூடப் பிரித்ததில்லை என்பது நமது எண்ணம்.

பணம் ஒருவருடையது, பத்திரம் இன்னொருவர் பெயரில் என்றால் அது பினாமி. அந்தக் காலத்தில் இது சாதாரண வழக்கமாக இருந்தது. 1988ல் தடைச் சட்டம் வந்தும் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 2016 நவம்பர் 1 முதல் திருத்தப்பட்ட சட்டம் பல்லோடு வந்திருக்கிறது. சொத்து பறிமுதல், ஓராண்டு முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல், சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். கணக்கில் காட்டிய பணத்தைக் கொண்டு மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ வாங்கினால் பினாமிச் சட்டத்தில் விலக்கு உண்டு. உடன்பிறந்தவர் பெயரில் என்றால், பணம் போட்டவர் பெயரும் கூட்டாகப் பத்திரத்தில் இருந்தால்தான் விலக்கு. இங்கேதான் முடிச்சு விழுகிறது. வயலுக்கு அண்ணன் பெயரைக் கூட்டாகப் போட்டால் பினாமிச் சட்டம் விட்டுவிடும். அந்நியச் செலாவணிச் சட்டம் பிடித்துக்கொள்ளும். போடாவிட்டால் அது விடும், இது பிடிக்கும். செலாவணிச் சட்டத்தில் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப்போல் 3 மடங்கு வரை போகலாம்.

"நான் அன்பளிப்பாகக் கொடுத்தேன், தம்பி வாங்கினான்" என்று சொல்லலாமே என்பார்கள். சொல்லட்டும். அப்படியானால் வயல் தம்பியுடையது. அண்ணன் திரும்பி வந்து கேட்க எதுவுமில்லை.

நாம் கடையில் 500 ரூபாய் பாக்கிக்குக்கூட நோட்டில் பற்று எழுதிவைக்கிறோம். வாங்கியவர் மறுத்தால் காட்டுவதற்கு ஒரு வரியாவது இருக்கிறது. 15 வருஷம் பாலைவனத்து வெயிலில் நின்று சேர்த்த பணத்துக்கு அந்த ஒரு வரிகூட இல்லை. இருந்தாலும் பயனில்லை; பினாமியாக வாங்கிய சொத்தை உண்மையான உடைமையாளர் திரும்பக் கேட்டு வழக்குப் போடவே முடியாது என்று 1988ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவர் காலமானால் வயல் அவர் மனைவி மக்களுக்குப் போகிறது. மைனர் பிள்ளை இருந்தால் கோர்ட்டு அனுமதி இல்லாமல் அந்தப் பங்கில் கைவைக்க முடியாது. அவர் வியாபாரத்தில் நொடித்தால் கடன்காரர் அந்த வயலை ஜப்தி செய்கிறார். இதில் எங்கேயும் யாரும் மோசம் செய்யவில்லை. ஆனாலும் அண்ணன் தெருவில் நிற்கிறார்.

வயல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு நேர்வழி இருக்கிறது. நிரந்தரமாகத் திரும்பி வந்து ஊரில் குடியேறிய பிறகு, அவரே தம் பெயரில் தாராளமாக வாங்கலாம். அதுவரை பணம் என்.ஆர்.இ. வைப்பில் கிடக்கட்டும்; அந்த வட்டிக்கு இங்கே வருமானவரி கிடையாது. விலை ஏறிவிடுமே என்பது உண்மைதான். ஆனால் ஏறிய விலைக்குத் தம் பெயரில் வாங்குவது, இறங்கிய விலைக்குப் பிறர் பெயரில் வாங்குவதைவிட மலிவு.

இந்தத் தடை நியாயமா என்று கேட்டால், கலப்பை பிடித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அரை ஏக்கர்கூட வாங்கக் கூடாது என்பது கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் தடையே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். தினாரும் ரிங்கிட்டும் ஏலத்தில் இறங்கினால், நாற்று நடுகிறவர் வயல் வாங்கவே முடியாது. நடுகிறவர் இல்லாத நஞ்சை சில வருஷத்தில் கல் ஊன்றிய மனையாகிவிடும். நெல்லும் தேங்காயும் விளையாத வட்டாரத்தில் கமிஷன் மண்டி எதற்கு, கடைதான் எதற்கு?

மனை என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறோம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப் பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017ல் அரசு திட்டம் கொண்டுவந்தது. வயலைக் கூறுபோட்டு "ப்ளாட்" என்று விற்பவர் காட்ட வேண்டியது நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் அல்லது வரன்முறை ஆணை. கலர் நோட்டீஸ் அல்ல. வில்லங்கமும் பட்டாவும் இன்று வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கக் கிடைக்கிறது. துபாயில் இருந்தும் பார்க்கலாம். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்ப வேண்டிய காலம் போய்விட்டது என்று அவர்களுக்கு நாமே சொல்லிவிடுவது நல்லது.

பணம் வரும் வழியும் முக்கியம். உண்டியலில் அனுப்பிய பணத்துக்கு வங்கியில் சுவடு கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர் சொத்துக்குக் கொடுக்கும் பணம் வங்கி வழியாக அனுப்பியதாகவோ, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து எடுத்ததாகவோ இருக்க வேண்டும். "கடையில் கொடுத்துவைக்கிறேன், நீங்கள் பத்திரச் செலவுக்குக் கொடுங்கள்" என்ற ஏற்பாட்டுக்கு நமது கல்லாவைக் கொடுக்கக் கூடாது. 2015 ஜூன் 1 முதல், நிலப் பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கியவருக்கு, வாங்கிய அளவுக்கே அபராதம் என்ற விதியும் இருக்கிறது.

இனி பவர் விஷயம். பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறியதாக ஆகாது என்று உச்சநீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பவர் கொடுத்தவர் காலமானால் சாதாரணப் பவரும் அன்றோடு முடிந்தது. அதனால்தான் பதிவு அலுவலகத்தில் பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் எழுதிய பவரானால் அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். சிநேகிதத்துக்காகப் பவர் வாங்கிக்கொள்ளும் வணிகர்கள், ஒரே ஒரு சொத்துக்கு, ஒரே ஒரு காரியத்துக்கு என்று சுருக்கி எழுதச் சொல்ல வேண்டும். பொதுப் பவர் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால் பத்து வருஷத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

கடைக் கட்டடம் வாங்குவது சட்டப்படி சரி என்றோம். அதில் நமக்கு ஒரு வலி உண்டு. கடைவீதியில் கட்டடம் வெளிநாட்டுப் பணத்துக்குக் கைமாறியதும் அட்வான்ஸும் வாடகையும் ஒரே தாவாகத் தாவுகின்றன. அதைவிட, பலருக்குத் தெரியாத வேறொன்று இருக்கிறது. கட்டட உடைமையாளர் வருமானவரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வாடகை கொடுக்கும் கடைக்காரர்தான் அதில் 30 சதவீத வரியும், அந்த வரியின்மேல் 4 சதவீதத் தீர்வையும் பிடித்துக் கட்ட வேண்டும். வாடகை 5,000 ஆனாலும் விலக்கில்லை. உடைமையாளர் குறைந்த விகிதத்துக்குச் சான்று வாங்கிக் கொடுத்தால் அதன்படி பிடிக்கலாம். அப்படிப்பட்டவரிடம் இடத்தையே நாம் விலைக்கு வாங்கினாலும் வரி பிடிப்பது நம் பொறுப்பு. உள்ளூர்க்காரரிடம் வாங்கும்போது உள்ள 50 லட்ச வரம்பு இங்கே கிடையாது. பிடிக்காமல் விட்டால் இலாகா நம்மைத் தேடி வரும். அவர் விமானத்தில் இருப்பார்.

வெளிநாட்டு நண்பருக்கு இன்னொரு வழியும் சொல்லலாம். திருப்பி எடுத்துப்போகும் உரிமை கேட்காமல், அவர் வங்கி வழியாக அனுப்பும் பணத்தை இங்கே ஒரு கூட்டு வியாபாரத்தில் முதலாகப் போடச் சட்டம் இடம் தருகிறது. விவசாயம், நில வியாபாரம், பத்திரிகைத் தொழில் இவை மட்டும் ஆகாது. அரிசிக் கடையிலும் எண்ணெய் மண்டியிலும் பெயரோடு பங்காளியாக எழுதி, வருஷம் ஐந்தொகை காட்டலாம். முதல் தேடி வட்டிக்கு அலையும் நம்மவர்களுக்கும் இது உதவும். கணக்கு ஒழுங்காக வைப்பவர் மட்டும் இதில் இறங்கட்டும்.

கடைசியாக, பிறருடைய வயலை ஏற்கெனவே தம் பெயரில் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் போட்டவரிடம் பேச்சு முகமாக இருக்கும்போதே, அவர் அடுத்த லீவில் வருகிற அன்றே, இருவருமாக ஒரு நல்ல வக்கீலையும் ஒரு ஆடிட்டரையும் பாருங்கள். பெயரை மாற்றிப் பத்திரம் எழுதுகிறேன் என்று நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட வேண்டாம்.