பழைய எஸ்.யூ.வி மைலேஜ் தரவில்லையா? இன்ஜெக்டரை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

பத்து வருடம் ஓடிய டீசல் எஸ்.யூ.வி. வாங்கிய புதிதில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, இப்போது 10-ஐத் தாண்ட மறுக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டினால், 'இன்ஜெக்டர் போயிருக்கும் சார், நாலையும் மாத்திடலாம்' என்கிறார். அந்தச் செலவைக் கேட்டதும் வண்டியையே விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். கொஞ்சம் பொறுங்கள். காரணம் அதைவிடச் சின்னதாகவும் இருக்கலாம்.

முதலில் அளங்கள்

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை மட்டும் நம்ப வேண்டாம். பங்க்கில் நாசில் தானாக நிற்கும் வரை டீசல் நிரப்பி, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். 400 கிலோமீட்டர் ஓடியதும் அதே பங்க்கில் அதேபோல நிரப்புங்கள். ஓடிய தூரம் 412, பிடித்த டீசல் 38 லிட்டர் என்றால், மைலேஜ் 10.8.

டயரை மாற்றியிருக்கிறீர்களா? 235/70 ஆர்16 இருந்த இடத்தில் 245/75 ஆர்16 போட்டால் சுற்றளவு சுமார் 5 சதவிகிதம் கூடும். வண்டி 105 கிலோமீட்டர் போனாலும் மீட்டர் 100 என்றே காட்டும். குறைந்ததில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழையாக இருக்கலாம்.

காசில்லாமல் பார்க்கக்கூடியவை

காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபாருங்கள். சரியான அளவு டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். சும்மா கிடக்கும் ரூஃப் கேரியரைக் கழற்றிவிடுங்கள். நெடுஞ்சாலையில் 80-ல் போவதைவிட 100-ல் போகும்போது காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால், அது தவறுதலாக ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீல் சுடுகிறதா?

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரேக்கை அதிகம் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு வீல் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் காலிப்பர் ஒட்டியிருக்கலாம். டீசல் வீணாவது ஒருபுறம். சூடேறி பிரேக் ஆயில் கொதித்தால், மலைப்பாதையில் இறங்கும்போது பெடல் உள்ளே போய்விடும். குடும்பத்தோடு கிளம்பும் முன் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

அடுத்து, மெக்கானிக்கிடம்

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, டர்போ ஹோஸ் கிழிந்திருந்தாலோ இன்ஜினுக்குப் போதிய காற்று கிடைக்காது. புகை கறுப்பாக வரும், இழுவை குறையும். அரை மணி நேரம் ஓடியும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கலாம். டாப் கியரில் மிதிக்கும்போது ஆர்.பி.எம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது.

எல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் வரவில்லையா? அப்போதும் நேராக மாற்றாதீர்கள். இன்ஜெக்டர்களை டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எது கெட்டிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, மறுபடி டேங்க் நிரப்பி அளந்து பாருங்கள். எந்தச் செலவு பலன் தந்தது என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.