தமிழ் அடுக்கு சலுகையன்று

சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தில் தமிழ் நூல்கள் எதற்கு, அவற்றை எடுத்துப் படிப்போர் எத்தனை பேர் என்னும் கேள்வியைத் தமிழரே எழுப்பக் கேட்கும்போது வியப்பே மேலிடுகிறது. அந்நூலகம் எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தோர் இவ்வாறு கேளார்.

1845இல் தோன்றிய சிங்கப்பூர் நூலகம் சந்தா கட்டியவர்க்கே உரியதாயிருந்தது. 1874இல் அரசு அதனை ஏற்று, அருங்காட்சியகத்தோடு இணைத்து, இராஃபிள்ஸ் நூலகமாக்கிய பின்னரும் ஆங்கிலம் கற்ற சிறு கூட்டத்தின் படிப்பகமாகவே அது நெடுங்காலம் நிலவிற்று. அந்நாளில் இவ்வூரில் தமிழ் அச்சேறவில்லையா? 1887இலேயே 'சிங்கை நேசன்' வார இதழ் வெளிவந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். படிப்போர் இருந்தனர், நூலகத்தின் கதவுதான் அவர்களுக்குத் திறக்கவில்லை.

கதவைத் திறந்தவர் சீன வள்ளல் லீ கோங் சியான். 1953இல் 375,000 வெள்ளி தர முன்வந்த அவர், நூலகம் கட்டணமின்றி அனைவர்க்கும் உரியதாக வேண்டும், இந்நாட்டு மக்களின் மொழிகளையும் பேண வேண்டும் என நிபந்தனை விதித்தார். அதன் பயனே 1960இல் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம். சுரங்கச் சாலைக்கு வழிவிட 2004இல் அது மூடப்பட்டு இடிக்கப்பட்டது. கட்டடம் போயிற்று; நிபந்தனை போகவில்லை. விக்டோரியா தெருவில் 2005இல் எழுந்த புதிய கட்டடத்தின் மேற்கோள் நூலகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே, தமிழ் அடுக்கு எவரும் இரக்கப்பட்டு ஈந்த சலுகையன்று. தலையெண்ணி அதனைக் குறுக்க நினைப்பது அக்கொடையின் அடிப்படையையே மறுப்பதாகும்.

இரவல் கணக்கைக் காட்டி வாதிடுவோர் மற்றொன்றையும் மறக்கின்றனர். இரவல் தருவது வட்டார நூலகங்களின் பணி. தேசிய நூலகத்தின் தலையாய பணி காத்தல். 1965 முதல் 2015 வரை வெளிவந்த ஏறத்தாழ 350 சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் 2015இல் மின்வடிவம் பெற்றன. எங்கோ ஓரிடத்தில் படிகள் எஞ்சியிருந்தமையால் அல்லவோ அது இயன்றது! இன்று ஒருவரும் தொடாத கவிதைத் தொகுதியே நாளை ஓர் ஆய்வு மாணவருக்கு ஒரே சான்றாகலாம்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1967இல் இயற்றப்பட்ட அச்சகத்தார், வெளியீட்டாளர் சட்டம் நூற்படிகளை ஒப்படைக்கப் பணித்தது. இப்போதைய விதிப்படி அச்சு நூல் வெளியான நான்கு வாரங்களுக்குள் இரு படிகள் அளித்தல் வேண்டும். வெளியீட்டு விழாவில் முதற்படி பெறுவோர்க்குப் பொன்னாடை போர்த்தி மகிழும் எழுத்தாளருள்ளும் சங்கத்தாருள்ளும் சிலர், அடுத்த இரு படிகளை விக்டோரியா தெருவுக்கு அனுப்ப மட்டும் ஏன் மறந்துவிடுகின்றனர்?