வயதும் வகுப்பும்

வயதைச் சொன்னால் வகுப்பைச் சொல்லிவிடலாம் என்று கருதுவார் பலர். ஐந்தெனின் முதலாந்தரம், ஆறெனின் இரண்டாந்தரம். வயதில் நான்கைக் கழித்தால் தரம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. வீடுதோறும் சென்று திரட்டிய அளவீட்டுத் தாள்களில் இக்கணக்கை இட்டால், பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லும் பிள்ளையும் 'பின்தங்கியோர்' வரிசையில் ஏறிவிடும்.

அண்மையில் பசறைப் பக்கத்துத் தோட்டத்து லயமொன்றில் ஒரு பாட்டியிடம் பேத்தியின் வயதை வினவினேன். "மீரியபெத்தையில மண்ணு சரிஞ்சு நாலாம் மாசம் பொறந்தவ ஐயா" என்றார். அம்மண்சரிவு நிகழ்ந்தது 2014 ஒக்டோபர் 29 இல். ஆகவே பிள்ளை பிறந்தது 2015 பெப்ரவரி.

ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைந்திருத்தல் வேண்டும் என்பது முதலாந்தரச் சேர்க்கை விதி. 2020 இல் இவளுக்கு அது நிறையவில்லை. 2021 இலேதான் சேர்ந்தாள். விதிப்படி ஒரு நாளும் பிந்தவில்லை. ஆயினும் அவ்வாண்டு நவம்பரில் ஒருவர் வந்து வயது கேட்டிருப்பின் 'ஆறு' எனக் குறித்து, ஓராண்டு பிந்தியவள் என்று முடித்திருப்பார். ஜனவரியில் வந்திருப்பின் வயது ஐந்து, குறையில்லை. பிள்ளை மாறவில்லை, கேட்ட மாதமே மாறிற்று. நமது வீட்டலகு வருமானச் செலவின அளவீடோ பன்னிரண்டு மாதங்களில் பரந்து நடப்பது. போதாக்குறைக்கு, 2022 இற் கல்வியாண்டே ஏப்பிரலிலேதான் தொடங்கிற்று.

வினைமுற்றுக்குக் காலம் இன்றியமையாதது என்று மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். வயதுக்கும் அஃது அவ்வாறே. எந்நாளில் எண்ணிய வயது என்று கூறாத எண், காலம் தெரியாத வினை போன்றது.

'ஓராண்டு வேறுபாட்டை விடுத்து, ஈராண்டு பிந்தியோரையே எண்ணுக' என்பாரும் உளர். அதனாற் பொய்க் குற்றம் நீங்கும். மெய்க் குறையும் உடன் மறையும். பிறப்புச் சான்றிதழ் இன்மையாலோ, தாய் கொழுந்தெடுக்கச் செல்லத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொருட்டோ, ஓராண்டு வீட்டில் நின்ற பிள்ளையை யார் காண்பார்? தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தமை 1970 களிலேதான். பிந்தியே கல்விவாய்ப்புப் பெற்ற மக்களைப் பற்றிப் 'பின்தங்கியோர்' என்ற சொல் எளிதில் நம்பப்படும். ஆதலின் அச்சொல்லை வழங்குமுன் கணக்குச் செம்மையாதல் வேண்டும்.

வழி அரிதன்று. வயதைக் கேளாது பிறந்த ஆண்டையும் மாதத்தையும் கேட்க. அக்கல்வியாண்டின் ஜனவரி 31 இல் நிறைந்த வயதைக் கணக்கிடுக. பின்னரே தரத்தோடு ஒப்பிடுக. சான்றிதழ் இல்லாத வீட்டில், ஊர் மறவாத நிகழ்ச்சியை வைத்துக் கேட்க. எழுத்தறியாத அப்பாட்டி வயதைச் சொல்லவில்லை. பிறந்த மாதத்தையே சொன்னார். கணக்கர்க்கு வேண்டியதும் அதுவே.