துளை போடறதுக்கு முன்னாடி தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க

ஃப்ராக்கிங் பற்றி நம்ம காலேஜ்ல யாரைக் கேட்டாலும் ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "அது வந்தா டெல்டா காலி." இன்னொண்ணு, "டெக்னாலஜி மேல தப்பு இல்ல, ரெகுலேஷன் கரெக்டா இருந்தா போதும்." முதல் பதிலை தஞ்சாவூர், திருவாரூர் பக்கமிருந்து வந்த பசங்க சொல்வாங்க. ரெண்டாவதை கோர் கம்பெனி வேலைக்குக் காத்திருக்கிறவங்க சொல்வாங்க.

இந்தக் கட்டுரை ரெண்டாவது பதிலைப் பற்றியது. அதைத் தப்புன்னு ஒதுக்க நான் வரல. ஆனா அந்த "கரெக்டான ரெகுலேஷன்" எந்தத் தேதியில ஆரம்பிக்கணும்னு யாரும் சொல்றதில்லை. என் கருத்து இதுதான்: முதல் கிணறு தோண்டுறதுக்கு முன்னாடியே அந்த ஊரின் தண்ணீரையும் காற்றையும் மக்களின் உடல்நிலையையும் அளந்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிடணும். அதைச் செய்யாத சட்டம் பேப்பர்ல எவ்வளவு கடுமையா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அளக்க முடியாதுன்னா கிணறும் வேண்டாம்.

முதலில் டெக்னாலஜியைச் சுருக்கமா பார்த்துடலாம். ஷேல் என்பது களிமண் படிந்து இறுகிய பாறை. அதுக்குள்ள வாயு இருக்கும், ஆனா வெளியே வர வழி இருக்காது. அதனால ஒன்றரை, ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தா துளையிட்டு, அங்கிருந்து பக்கவாட்டில் திருப்பி, பாறைக்குள்ளேயே இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல போவாங்க. பிறகு தண்ணீர், மணல், ரசாயனம் கலந்த திரவத்தை பயங்கர அழுத்தத்தில் செலுத்தி பாறையில் விரிசல் போடுவாங்க. விரிசல் மூடிடாம மணல் தாங்கிப் பிடிக்கும். அமெரிக்காவின் மார்செல்லஸ் ஷேலில் ஒரு கிணற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை கோடி லிட்டர் தண்ணீர் தேவைப்படுது. ரசாயனம் அரை சதவீதம்தான்னு சொல்வாங்க. ஒன்றரை கோடியில் அரை சதவீதம்னா 75,000 லிட்டர்.

இதை ஆதரிக்கிறவங்க ஒரு வாதம் வைப்பாங்க. விரிசல் ரெண்டு கிலோமீட்டர் கீழே விழுது, குடிநீர் சில நூறு அடியில இருக்கு, நடுவுல அவ்வளவு பாறை இருக்கே, எப்படிக் கலக்கும்? நியாயமான கேள்விதான். ஆனா பிரச்சினை வருவது பெரும்பாலும் அந்த விரிசல் வழியா இல்லை. கிணறு குடிநீர் மட்டத்தைத் துளைச்சுக்கிட்டுதான் கீழே போகுது. இரும்புக் குழாயைச் சுத்தி ஊத்துற சிமெண்ட் சரியா பிடிக்கலைன்னா, அந்த இடைவெளியிலேயே வாயு மேலே ஏறும். சிமெண்ட் எப்படியெல்லாம் சுருங்கும், வெடிக்கும்னு சிவில் பசங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது, திரும்பி மேலே வரும் கழிவுநீர். கடல் நீரைவிட உப்பான அந்தத் தண்ணியோட பாறைக்குள்ளே இருந்த பேரியம், ரேடியம் எல்லாம் சேர்ந்து வரும். பென்சில்வேனியாவில் 2011 வரை இந்தக் கழிவில் ஒரு பகுதி ஊர்ச் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வழியாவே ஆற்றுக்குப் போச்சு. அந்த நிலையங்களுக்கு உப்பைப் பிரிக்கத் தெரியாது.

பென்சில்வேனியாவில் டிமாக் என்று ஒரு சின்ன ஊர். 2009 ஜனவரி 1 அன்று அங்கே ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணறு வெடித்தது. காரணம் மீத்தேன். கேபட் ஆயில் அண்ட் கேஸ் என்ற நிறுவனம் அந்தப் பகுதியில் கிணறுகள் தோண்டியிருந்தது. குழாயும் சிமெண்டும் சரியில்லாததால் வாயு குடிநீருக்குள் போயிருக்கு என்றது மாநில அரசு. இந்த மண்ணில் மீத்தேன் எப்பவுமே இருந்ததுதான் என்றது நிறுவனம். அது முழுப் பொய்யும் இல்லை. அந்த வட்டாரத்தில் சில கிணறுகளில் இயற்கையாவே மீத்தேன் உண்டு. அப்போ கேள்வி, முன்னாடி எவ்வளவு இருந்தது என்பதுதான். அதை முடிவு செய்யத் தேவையான பொதுவான பழைய அளவு இல்லை. வழக்கு இழுத்துக்கிட்டே போய், 2022 நவம்பரில்தான் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஒப்புக்கொண்டு, அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர 1.6 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சம்மதித்தது. கிட்டத்தட்ட 14 வருஷம். கிணறு வெடிச்சப்போ ஒண்ணாங்கிளாஸ் படிச்ச குழந்தை காலேஜ் போயிருக்கும்.

அதே மாநிலத்தின் சட்டத்தில் ஒரு நல்ல விஷயமும் இருக்கு. எரிவாயுக் கிணற்றிலிருந்து 1,000 அடிக்குள், தோண்டி 6 மாதத்துக்குள் குடிநீர் கெட்டுப்போனால், நிறுவனம்தான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். 2012-ல் வந்த புதிய சட்டம் ஷேல் கிணறுகளுக்கு இதை 2,500 அடி, 12 மாதம் என்று நீட்டியது. "நான் காரணமில்லை" என்று நிறுவனம்தான் நிரூபிக்கணும். அதுக்கு முக்கியமான வழி, தோண்டுறதுக்கு முன்னாடி எடுத்த தண்ணீர்ப் பரிசோதனையைக் காட்டுவது. இந்த ஒரு வரியால நிறுவனங்களே தேடிப்போய் சாம்பிள் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஆனா அதே 2012 சட்டத்தில் இன்னொரு பக்கம், வர்த்தக ரகசியம் என்ற பெயரில் மறைக்கப்பட்ட ரசாயனம் எதுன்னு ஒரு டாக்டர் தெரிஞ்சுக்கணும்னா, வெளியே சொல்ல மாட்டேன்னு எழுதிக் கொடுக்கணும் என்றும் இருந்தது. நோயாளிக்கு என்ன ஆச்சுன்னு டாக்டருக்குத் தெரியலாம், பக்கத்து ஊர் டாக்டருக்குத் தெரியக் கூடாது. நாட்டளவில் நிலைமை இன்னும் மோசம். 2005-ல் வந்த எரிசக்திக் கொள்கைச் சட்டம், டீசல் சேர்க்காத ஃப்ராக்கிங்கைப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் நிலத்தடிச் செலுத்துதல் விதிகளிலிருந்தே விலக்கிவிட்டது.

பென்சில்வேனியாவுக்கு வடக்கே நியூயார்க் மாநிலம். கீழே இருப்பது அதே மார்செல்லஸ் பாறை. அங்கே 2008-ல் இருந்தே அனுமதி கொடுக்காம நிறுத்தி வைத்து, மாநில சுகாதாரத் துறையை ஆய்வு செய்யச் சொன்னாங்க. 2014 டிசம்பரில் அந்தத் துறை சொன்ன பதிலின் சாரம்: ஆபத்து எவ்வளவுன்னு உறுதியா சொல்லப் போதுமான தகவல் இல்லை, அதனால இப்போ தொடங்கக் கூடாது. அடுத்த வருஷம் தடை முறைப்படி வந்தது, 2020-ல் சட்டமாகவே ஆனது. தகவல் இல்லாத நிலைமை ரெண்டு மாநிலத்துக்கும் பொதுதான். ஒருத்தர் "தகவல் இல்லை, அதனால தொடங்கலாம்" என்றார். இன்னொருத்தர் "தகவல் இல்லை, அதனால வேண்டாம்" என்றார்.

தொடங்கிய மாநிலத்துக்கு என்ன தெரிய வந்தது? 2023 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் தென்மேற்குப் பென்சில்வேனியாவைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டது. கிணறுகளிலிருந்து ஒரு மைலுக்குள் வாழ்ந்த குழந்தைகளுக்கு, 5 மைல் சுற்றளவில் கிணறே இல்லாத குழந்தைகளைவிட லிம்போமா என்ற புற்றுநோய் வரும் வாய்ப்பு 5 முதல் 7 மடங்கு அதிகம். வாயு எடுக்கும் காலத்தில் ஆஸ்துமா தீவிரமாவதற்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மற்ற சில புற்றுநோய்களுக்குத் தொடர்பு காணவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அதையும் சேர்த்துத்தான் படிக்கணும். லிம்போமா அபூர்வமான நோய், தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. ஆனா இந்த வேலை அங்கே 2000-களின் நடுவிலேயே தொடங்கியாச்சு. ஆய்வு வரும்போது அந்தக் குழந்தைகள் அங்கேயே வளர்ந்து முடிச்சிருந்தாங்க.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 டிசம்பரில் வெளியிட்ட பெரிய அறிக்கையும் இங்கேதான் வந்து நிற்குது. ஃப்ராக்கிங் சில சூழ்நிலைகளில் குடிநீரைப் பாதிக்கும் என்று அது ஒப்புக்கொண்டது. நாடு முழுக்க எத்தனை இடத்தில் அப்படி நடந்தது? தரவு போதாததால் கணக்கிட முடியவில்லை என்றது. முந்தைய வருஷ வரைவில் "பரவலான பாதிப்புக்கு ஆதாரம் இல்லை" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. அந்த முடிவுக்குத் தேவையான எண்கள் எங்கே என்று அறிவியல் ஆலோசகர்கள் கேட்க, இறுதி அறிக்கையில் அதை எடுத்துட்டாங்க. அளக்காத இடத்தில் ஆதாரம் எப்படி இருக்கும்?

சரி, இதெல்லாம் அமெரிக்கா, நமக்கென்னன்னு கேட்கலாம். 2013 அக்டோபரில் மத்திய அரசு ஷேல் வாயுக் கொள்கையை அறிவித்தப்போ, ஓ.என்.ஜி.சி.க்கு ஒதுக்கிய இடங்களில் காவிரிப் படுகையும் இருந்தது. 2016-ல் வந்த ஹைட்ரோகார்பன் கொள்கை, எண்ணெய், மீத்தேன், ஷேல் எல்லாத்துக்கும் ஒரே லைசென்ஸ் என்றது. நம்ம சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் ஃப்ராக்கிங்குக்குத் தனி வகையே கிடையாது. சாதாரண எண்ணெய்க் கிணறு எந்த வரிசையில் இருக்கோ, இதுவும் அதே வரிசை. போதாததுக்கு 2020 ஜனவரியில் ஒரு திருத்தம் போட்டு, ஆய்வுக் கிணறுகளை பி2 பிரிவுக்கு மாத்திட்டாங்க. அதுக்கு மக்கள் கருத்துக் கேட்பும் தேவையில்லை, முழுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை. அதாவது, முதல் அளவு எடுக்க வேண்டிய கட்டத்தையே சட்டத்திலிருந்து எடுத்தாச்சு.

"டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிடுச்சே?" உண்மை. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஷேல் வாயு உட்பட புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை அந்த மண்டலத்தில் தடை செய்யுது. நெடுவாசல் மக்கள் மாசக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்த பிறகு கிடைச்ச சட்டம், அதைக் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா அதுக்கு முன்பே நடந்துக்கிட்டிருந்த திட்டங்களை அது தொடாது. மண்டலத்துக்கு வெளியே அது பேசாது. 2025-ல் ராமநாதபுரம் பக்கம் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி கிடைச்ச செய்தி வெளியே வந்து, எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் அதைத் திரும்பப் பெறச் சொல்வோம்னு மாநில அரசு சொன்னது. அது ஷேல் கிணறு இல்லைதான். ஆனா நாளைக்கு ஷேல் வந்தாலும் இதே கதவு வழியாத்தான் வரும்.

டெல்டாவுக்கு முதல் அளவு ஏன் இன்னும் முக்கியம்னா, அங்கே எதுக்கும் வேற ஒரு காரணம் ரெடியா இருக்கு. நாகப்பட்டினம் கரையோரத்தில் கடல் நீர் ஏற்கெனவே நிலத்தடியில் ஏறுது. நாளைக்கு ஒரு கிணறு உப்பானா "அது கடல்" என்று சொல்லிடலாம். நெல் வயலே மீத்தேன் விடும். தண்ணியில் மீத்தேன் இருந்தா "அது வயல்" என்று சொல்லிடலாம். 2017-ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்தப்போ, நிலத்தடி நீர் கெட்டுடுச்சுன்னு ஊர் சொன்னது, இல்லைன்னு நிறுவனம் சொன்னது. இந்த மாதிரி சண்டையைத் தீர்க்க அறிவியலில் வழி இருக்கு. வயல் மீத்தேனுக்கும் ஆழத்துப் பாறை மீத்தேனுக்கும் கார்பன் ஐசோடோப் விகிதம் வேற. கடல் உப்புக்கும் பாறை உப்புக்கும் பேரியம், புரோமைடு அளவு வேற. ஆனா வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனையில் டி.டி.எஸ்., குளோரைடு, நைட்ரேட் பார்ப்பாங்க, கரைந்த மீத்தேனைப் பார்க்கிறதில்லை.

எதிர்த் தரப்புக்கும் பலமான வாதம் இருக்கு. நாம பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் கிட்டத்தட்ட பாதி இறக்குமதி. அமெரிக்காவில் ஷேல் வாயு வந்த பிறகு நிலக்கரி மின்சாரம் குறைஞ்சது, புகையும் குறைஞ்சது. இங்கேயும் வேலை வரும், அதில் சிலது நமக்கே கிடைக்கும். இதெல்லாம் சரின்னே வெச்சுக்குவோம். அவ்வளவு லாபம் வரும் தொழிலுக்கு, தோண்டுறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் தண்ணியை டெஸ்ட் பண்ற செலவு ஒரு செலவே இல்லை. அந்தச் சின்னச் செலவுக்கே தயங்குறவங்க கிட்ட, பாதுகாப்பா செய்வோம்னு சொல்றதை எப்படி நம்புறது?

சட்டத்தில் மூணு விஷயம் வரணும்னு நினைக்கிறேன். ஒண்ணு, எந்த ஆய்வுக் கிணறுக்கும் முன்னாடி கோடை, மழை ரெண்டு பருவத்திலும் நிறுவனம் சாராத லேப் ஒண்ணு தண்ணீரை அளந்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டணும். அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவுகளும் பெயரில்லாம தொகுக்கப்படணும். ரெண்டு, குறிப்பிட்ட தூரத்துக்குள் தண்ணி கெட்டா, காரணம் இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு நிறுவனத்துக்கு. மூணு, உள்ளே போகும் ஒவ்வொரு ரசாயனத்தின் பெயரும் அளவும் முன்கூட்டியே வெளியாகணும், ரகசியம்னு எதையும் மறைக்கக் கூடாது. இதோட 2020 ஜனவரித் திருத்தத்தையும் திரும்பப் பெறணும்.

சட்டம் வர்ற வரைக்கும் நாம சும்மா இருக்க வேண்டியதில்லை. வருஷா வருஷம் நம்ம டிபார்ட்மெண்ட்கள்ல நூத்துக்கணக்கில் ப்ராஜெக்ட் நடக்குது, பாதி பழைய ரிப்போர்ட்டோட காப்பி. அடுத்த வருஷம் டைட்டில் தேடப்போற ஜூனியர்ஸுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல, உங்க பாட்டி வீட்டுப் பக்கத்துல இருக்கிற பத்து கிணற்றுத் தண்ணியை எடுத்துட்டு வாங்க. டி.டி.எஸ்., குளோரைடு நம்ம லேப்லயே பார்த்துடலாம். பேரியமும் மீத்தேனும் வெளியே கொடுத்துப் பார்க்கணும், கைடு கிட்ட கேட்டா வழி சொல்வாங்க. முடிவை லைப்ரரி அலமாரியில் பூட்டாம, இணையத்தில் எல்லாருக்கும் தெரியிற மாதிரி போடுங்க. கிணறு இருக்கிற இடம், ஆழம், சாம்பிள் எடுத்த தேதி மூணையும் மறக்காம எழுதுங்க. தேதி இல்லாத ரீடிங்கை எந்தக் கோர்ட்டும் ஏத்துக்காது.