அக்காரவடிசிலும் அரை டம்ளர் பாலும்

மார்கழி இருபத்தேழாம் நாள் கூடாரவல்லி. பெருமாள் கோயில்களில் அன்று விடியற்காலையிலேயே அக்காரவடிசிலின் மணம் பிராகாரம் வரை வந்துவிடும். அரிசியைப் பாலிலேயே குழைய வேகவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து இறக்குவது அதன் முறை. தொன்னையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்ட பெரியவர்களில் சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு உப்புகிறது, குடல் இரைகிறது, அவசரமாக வீடு திரும்ப வேண்டியதாகிறது. "நெய் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். பழி நெய்யின்மேல் விழுகிறது. செய்தது பெரும்பாலும் பால்.

இதைச் சிறு உபாதை என்று தள்ளிவிட முடியாது. தரிசன வரிசையில் நிற்கும்போது கழிப்பறை தேட நேருமோ என்ற அச்சத்தில் கோயிலுக்குச் செல்வதையே குறைத்துக்கொண்ட முதியவர்கள் உண்டு. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, முழங்கால் வலி என்று காரணம் கூறுவார்கள்.

பாலில் இயற்கையாகவே உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்கச் செய்யும் லாக்டேஸ் என்னும் நொதி சிறுகுடலின் உட்சுவரில் உண்டாகிறது. குழந்தைப் பருவத்தில் அது நிறைய இருக்கும். பால்குடி மறந்தபின் பெரும்பாலோருக்குப் படிப்படியாகக் குறையும். உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் நிலை இதுவே. ஆகவே இதனை நோய் என்பதைவிட மனித உடலின் பொது இயல்பு என்பதே பொருந்தும். நம் நாட்டில் வடமேற்குப் பகுதிகளில் முதுமையிலும் அந்நொதி குறையாதவர்கள் அதிகம், தெற்கே குறைவு. பஞ்சாபிலிருந்து வந்த நண்பர் ஒரு செம்பு பாலை ஒரே மூச்சில் அருந்திவிட்டுச் சுகமாக இருப்பதைப் பார்த்து நாமும் முயல வேண்டியதில்லை.

செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலை அடையும்போது நீரைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. உப்புசம், இரைச்சல், பேதி ஆகிய மூன்றும் இப்படித்தான் வருகின்றன. பால் ஒவ்வாமை என்பது வேறு. அது பாலின் புரதத்தால் வருவது; தோலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்று வெளிப்படக்கூடியது. அத்தகையோர் ஒரு சொட்டுப் பாலும் தொடலாகாது. லாக்டோஸ் செரியாதவர்களுக்கோ எல்லாம் அளவைப் பொறுத்தது.

அந்த அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 200 மில்லி பசும்பாலில் 9 முதல் 10 கிராம் வரை லாக்டோஸ் இருக்கிறது. நொதி குறைந்தவர்களிலும் பலர், உணவோடு சேர்த்து அருந்தினால், ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தொல்லையின்றித் தாங்குகிறார்கள். 100 மில்லி பால் சேர்ந்த காலைக் காப்பி அதில் பாதிகூட இல்லை. எனவே காப்பியைத் துறக்க வேண்டுமோ என்று கலங்க வேண்டியதில்லை! ஆனால் பாலைச் சுண்டக் காய்ச்சும்போது நீர்தான் போகிறது, லாக்டோஸ் போவதில்லை. திரட்டுப்பால், பால்கோவா, பால் பாயசம் ஆகியவை நாவுக்குச் சிறிதாகவும் குடலுக்குப் பெரிதாகவும் இருப்பதற்குக் காரணம் அதுவே.

நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லிவிடலாம். கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி கொண்டு செய்யப்படும் திருப்பதி லட்டு இவ்வகையில் அச்சம் தராது. சர்க்கரை நோயாளிக்கு அது வேறு கணக்கு. பழநிப் பஞ்சாமிர்தத்திலும் பால் இல்லை. எனினும் வாழைப்பழமும் பேரீச்சையும் தேனும் சேர்வதால் பழச்சர்க்கரை செரியாத சிலருக்கு அதிகமானால் உப்புசம் தரலாம். ஒரு கரண்டி போதும்.

தயிரின் நிலை தனி. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. மீதியைச் செரிக்கும் நொதியையும் அவையே குடலுக்குள் கொண்டு செல்கின்றன. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் இதமாக இருப்பது இதனால்தான். ஆயினும் தயிர்ச் சாதத்தில் ஒரு நுட்பம் உண்டு. புளித்துவிடக் கூடாதென்று பிரசாதத்திற்கும் பயணத்திற்கும் பிசையும்போது பாலை நிறைய ஊற்றித் தயிரைச் சிறிதே சேர்ப்பது வழக்கம். பிசைந்த உடனே உண்டால் அது பெயரளவில் தயிர்ச் சாதம். குடலுக்கு அது பால் சாதமே. சில மணி நேரம் கழித்து உண்பது நல்லது. வீட்டில் பிசைவதானால் நன்கு உறைந்த தயிரையே பயன்படுத்தலாம்.

ஏகாதசி விரதத்திலும் இது தலைகாட்டுகிறது. அரிசியை விலக்கி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால், பகலில் பழத்தோடு ஒரு டம்ளர், இரவில் இன்னொன்று என்று இருப்பவர்கள் பலர். வேறு உணவில்லாத வயிற்றில் பால் விரைந்து இறங்குவதால், மற்ற நாட்களில் தாங்கும் அளவும் அன்று தாங்காது. "விரதம் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற பேச்சு அப்போது எழுகிறது. பாலின் இடத்தில் மோரை வைத்தாலே பலருக்கு விரதம் இனிது நிறைவேறும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கலாகாது.

பால்தான் காரணமா என்று அறிய ஒரு குறிப்பேடு போதும். இரண்டு வாரம் பாலையும் பால் இனிப்புகளையும் நிறுத்தி, மோர் மட்டும் கொண்டு, வயிற்றின் நிலையை நாள்தோறும் எழுதி வர வேண்டும். தொல்லை நின்றால், பிறகு உணவோடு அரை டம்ளர் பால் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்கலாம். எந்த அளவில் வயிறு முறையிடுகிறதோ, அதற்குச் சற்றுக் கீழே நின்றுகொள்ளலாம். மருத்துவமனைகளில் மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளந்து கண்டறியும் சோதனையும் உண்டு.

தொல்லை நிற்கவில்லையானால் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். நீரிழிவுக்குப் பலரும் உட்கொள்ளும் மெட்பார்மின் வயிற்றுப்போக்கைத் தரக்கூடியது. உணவோடு உட்கொள்வதாலும் மருந்தின் வகையை மருத்துவர் மாற்றுவதாலும் அது குறையும். "சர்க்கரை இல்லாதது" என்று பிள்ளைகள் அன்போடு வாங்கி வரும் இனிப்புகளில் மால்டிடால், சார்பிடால் போன்றவை இருக்கலாம். இவை முழுதும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அதே வேலையைச் செய்பவை. பால் நிரபராதியாக இருக்கும் வீடுகளும் உண்டு என்பதற்காகவே இவ்வளவும்.

நவராத்திரிச் சுண்டலைப் பற்றி ஒரு சொல். கொண்டைக்கடலையில் உள்ள சில சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி எந்த மனிதருக்கும் இல்லை. வாயு வருவது இயல்பே. இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குழைய வேகவைத்தால் ஓரளவு குறையும். மூப்பில் பல் குறைந்தவர்கள் மெல்லாமல் விழுங்குவதுதான் பெரிய இடையூறு.

பாலைக் குறைப்பவர்கள் எலும்பை மறந்துவிடக் கூடாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கால்சியம் தேவைப்படுகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. இரவுப் பாலுக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சியில் மோர் ஊற்றிப் பருகுவது நல்ல ஏற்பாடு. எள்ளும் கீரையும் துணை நிற்கும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுவதைக் காட்டிலும் சிறிது உப்புசம் எவ்வளவோ மேல் என்பதால், முற்றிலும் பாலைத் துறப்பதை இறுதி வழியாகவே கொள்ள வேண்டும்.

கோதுமையைத் தாமாக நிறுத்திவிடுவதும் இப்போது பரவி வருகிறது. கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உண்மையில் உண்டு. ஆனால் அதற்கான இரத்தப் பரிசோதனை கோதுமை உண்டுவரும் காலத்தில் எடுத்தால்தான் சரியான விடை தரும். நோய் உறுதியானவர்கள் பெருங்காயத் தூளின் உறையையும் படித்துப் பார்க்க வேண்டும்; கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம்.

அறுபது கடந்தபின் மலம் கழிக்கும் முறை புதிதாக மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, இரவில் உறக்கத்தைக் கலைத்துப் பேதியானாலோ, குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது பாலின் குற்றமாக இராது.